எடைக்கல் யார் கையிலே?

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நடைபெற்ற கூட்டங்களில் ஆற்றிய உரை, படிப்போருக்காக இங்கே ஒருசேரத் தரப்படுகிறது.)

"சுயேச்சை" என்ற சொல்லை அறியாதவர் நமது பகுதியிலே இல்லை. தேர்தல் வந்துவிட்டால் விழுப்புரத்துச் சுவர்களிலும் திண்டிவனத்துச் சுவர்களிலும் அந்தச் சொல் ஏறிக்கொள்கிறது. கட்சியின் துணையில்லாமல், தன் பெயரையும் தனக்குக் கிடைத்த சின்னத்தையும் மட்டுமே நம்பி, மக்கள் முன்னே வந்து நிற்பவரைச் சுயேச்சை என்கிறோம். அவரை ஆதரிப்பதும் மறுப்பதும் நம் விருப்பம். ஆனால் 'உம்மை நிறுத்தியவர் யார்?' என்று கேட்டால், 'நானே நின்றேன்' என்று அவர் சொல்ல முடியும்.

இன்னொரு வகைச் சுயேச்சையும் நாட்டிலே உண்டு. அவருக்குச் சின்னம் இல்லை, சுவரொட்டி இல்லை. பெரிய கம்பெனிகளின் இயக்குநர் குழுவிலே, முதலாளிக்கு எதிர் நாற்காலியிலே அமர்ந்திருக்கிறார். சுயேச்சை இயக்குநர் என்று சட்டம் அவருக்குப் பெயர் சூட்டியிருக்கிறது. முதலாளியின் கையை மற்றவர்களுக்காகக் கவனித்திருப்பது அவர் வேலை. 'உம்மை நிறுத்தியவர் யார்?' என்ற அதே கேள்வியை அவரிடம் கேட்டுப் பாருங்கள். பல கம்பெனிகளிலே, எவரைக் கவனிக்க வேண்டுமோ அவரே அழைத்து வந்தார் என்பதுதான் உண்மையான பதிலாக இருக்கும்.

இந்த ஒரு முரண்பாட்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நமக்கென்ன வந்தது?

"கரும்புப் பாக்கி இருக்கிறது, மல்லாட்டை விலை இருக்கிறது, மகனுக்கு வேலை கிடைக்கவில்லையே என்ற கவலை இருக்கிறது. மும்பையிலே நடக்கும் பணக்காரர் வீட்டு விவகாரத்தை விழுப்புரத்திலே பேசுவானேன்?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. பதில் கூறிவிட்டே மேலே செல்கிறேன்.

விழுப்புரம் ரயில்வே ஊழியர் நிறைந்த ஊர். 2004 ஜனவரி முதல் நாளுக்குப் பின் வேலையிலே சேர்ந்த ரயில்வே ஊழியரின் ஓய்வுகாலச் சேமிப்பு புதிய ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்கிறது. அதிலே ஒரு பங்கு, கம்பெனிப் பங்குகளாக மாறுகிறது. திண்டிவனத்தைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலே உழைப்பவரின் வருங்கால வைப்பு நிதியும் அவ்வாறே. 2015 ஆகஸ்டு முதல், புதிதாகச் சேரும் தொகையிலே நூற்றுக்கு 5 பங்கு, பிறகு 10 பங்கு, 2017 முதல் 15 பங்கு பங்குச் சந்தைக்குச் செல்லத் தொடங்கியது. எந்தக் கம்பெனியிலே போடுவது என்று தொழிலாளியை எவரும் கேட்பதில்லை. நிஃப்டி, சென்செக்ஸ் என்ற பெரிய கம்பெனிகளின் பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றிலே எந்தக் கம்பெனி இருக்கிறதோ அதிலே பணம் விழுகிறது.

ஜீ எண்டர்டெயின்மெண்ட் என்ற கேளிக்கைக் கம்பெனி, 2020 செப்டம்பர் வரையிலே அந்த நிஃப்டிப் பட்டியலில் இருந்தது. நம் வீட்டுத் தாய்மார்கள் மாலையிலே பார்க்கும் ஜீ தமிழ் தொலைக்காட்சி அந்தக் கம்பெனியுடையது. ஆக, ஒலக்கூரிலிருந்து திண்டிவனத்துக்குப் பேருந்திலே வேலைக்கு வந்து போன ஒரு தொழிலாளி, தன்னையறியாமலேயே அந்தக் கம்பெனியின் பங்காளியாக இருந்திருக்கிறார். அவருக்கு அழைப்பு வராது, வாக்குச் சீட்டு வராது, இலாப நட்டக் கணக்கும் வராது. நட்டம் மட்டும் வந்து சேரும்.

தோழர்களே! இந்தத் தொழிலாளிக்காகப் பேச, அந்தக் கம்பெனியின் மேல்மாடி அறையிலே எவரேனும் இருக்கிறாரா? இருக்கிறார் என்கிறது சட்டம். சுயேச்சை இயக்குநரே அவர்!

சட்டம் என்ன சொல்கிறது?

2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, பங்குச் சந்தையிலே இடம்பெற்ற ஒவ்வொரு கம்பெனியின் இயக்குநர் குழுவிலும் மூன்றிலொரு பங்கினர் சுயேச்சைகளாக இருக்க வேண்டும் என்கிறது. குழுவின் தலைவர் முதலாளியாகவோ அவருடைய உறவினராகவோ இருந்தால், பாதிப் பேர் சுயேச்சைகளாக இருக்க வேண்டும் என்பது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. சுயேச்சையாக வருபவர் முதலாளிக்கு உறவினராக இருக்கலாகாது. கம்பெனியோடு பணத் தொடர்பு வைத்திருக்கலாகாது. ஒரு தவணை ஐந்து ஆண்டு வரை. தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் கூடாது. கணக்குத் தணிக்கைக் குழுவிலே அவர்களுக்கே பெரும்பான்மை. முதலாளியின் சொந்தக் கம்பெனிகளோடு நடைபெறும் கொடுக்கல் வாங்கலுக்கு ஒப்புதல் தருவோரும் அவர்களே.

அதிகாரம் குறைவு என்று எவரும் குறை கூற முடியாது. ஆயுதம் கொடுத்திருக்கிறார்கள், அரணும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் காவலுக்கு ஆள் எடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற இடத்திலேதான் கோளாறு.

நமது பகுதி உழவருக்கு இதை விளக்க நெடுநேரம் ஆகாது. மல்லாட்டை மூட்டையை வண்டியிலே ஏற்றிச் சென்று, வியாபாரி கடையிலே இறக்கிய காலம் ஒன்று இருந்தது. தராசு வியாபாரியுடையது, எடைக்கல் வியாபாரியுடையது, எடை போடும் ஆளும் வியாபாரியின் ஆள். கழிவு என்று ஒரு கை, மகமை என்று ஒரு கை, மாதிரி பார்க்க என்று ஒரு கை போன பிறகு எஞ்சியதற்கே விலை. எடை போட்டவர் தனிப்பட்ட முறையிலே நல்லவராக இருந்திருக்கலாம். கோயிலுக்குச் செல்பவராகவும் குழந்தைகளிடத்திலே அன்புள்ளவராகவும் இருந்திருக்கலாம். ஆனால் மாலையிலே அவருக்குக் கூலி கொடுத்த கை வியாபாரியின் கை. அந்தக் கையைப் பார்த்தே தராசின் முள் நின்றது.

1933ஆம் ஆண்டு சென்னை மாகாணத்து வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அதன் வழியே, 'கமிட்டி' என்று நாம் அழைக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் எழுந்தன. அந்தச் சட்டம் வியாபாரிக்கு உபதேசம் செய்யவில்லை, எடை போடுபவரிடத்திலே சத்தியம் வாங்கவில்லை. தராசை வியாபாரியின் கடையிலிருந்து எடுத்துக் கமிட்டியின் கூடத்திலே வைத்தது. எடை போடுபவருக்கு உரிமம் கொடுக்கும் கையை மாற்றியது. குறையே இல்லை என்று கூறமாட்டேன். ஆனால் ஆளைத் திருத்துவதைவிட, ஆளை அமர்த்தும் கையை மாற்றுவதே வழி என்பதை நமது உழவர் கண்டுகொண்டனர்.

கேளிக்கைச் சரக்கின் தன்மை

கேளிக்கைக் கம்பெனியை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டாய் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

சர்க்கரை ஆலையின் கிடங்கிலே எத்தனை மூட்டை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். ஒரு படத்தின் மதிப்பை எந்தத் தராசிலே நிறுப்பது? நூறு கோடிக்கு வாங்கிய உரிமை பத்துக் கோடி தேறாமலும் போகலாம்; ஒரு கோடிக்கு வாங்கியது ஓராண்டு முழுவதும் ஓடவும் கூடும். எடுக்கப்படாத படத்துக்கு இன்றே முன்பணம் கொடுப்பர். படம் வராமற் போனால், 'கலையென்றால் அப்படித்தான்' என்பர். முன்பணம் படத்துக்குத்தான் போயிற்றா, முதலாளியின் வேறொரு கம்பெனியின் கடனை அடைக்கப் போயிற்றா என்பதை வெளியே இருப்பவர் அறிய வழியில்லை. உள்ளே இருந்து கணக்கைப் புரட்டிப் பார்க்கும் உரிமை பெற்றவர் ஒருவர் வேண்டும். ஆகவே, எண்ணிப் பார்க்கக்கூடிய சரக்கை விற்கும் கம்பெனிக்கு ஒரு சுயேச்சை தேவையென்றால், எண்ண முடியாத சரக்கை விற்கும் கம்பெனிக்கு இருவர் தேவை!

ஜீ கம்பெனியின் கதை

ஜீ கம்பெனியிலே நடந்ததை ஆண்டு வாரியாகக் கூறுகிறேன். குற்றச்சாட்டு எது, தீர்ப்பு எது என்பதையும் பிரித்தே கூறுகிறேன். மேடையிலே பேசுபவனுக்கு அந்த நேர்மை வேண்டும்.

கம்பெனியை நிறுவியவர் சுபாஷ் சந்திரா. 2018 செப்டம்பரிலே, ஜீ கம்பெனி எஸ் பாங்கியில் வைத்திருந்த 200 கோடி ரூபாய் வைப்புத் தொகையை, தமது குழுமத்தின் கடனுக்கு ஈடாகக் கொள்ளலாம் என்ற பொருள்பட அவர் கடிதம் கொடுத்தார் என்பது செபியின் குற்றச்சாட்டு. இயக்குநர் குழுவுக்கு அந்தக் கடிதம் தெரியாது என்றும் செபி கூறிற்று. 2019இலே பாங்கி அந்த வைப்புத் தொகையைக் குடும்பத்தைச் சார்ந்த ஏழு நிறுவனங்களின் கடனுக்காக எடுத்துக்கொண்டது. பணம் திரும்ப வந்துவிட்டது என்றது கம்பெனி. வந்ததும் ஜீயின் பணமே, சுற்றி வந்தது என்றது செபி.

அந்த 2019இலேதான், கடன் நெருக்கடி முற்றி, குடும்பத்தார் தங்கள் பங்குகளிலே பெரும்பகுதியை விற்றனர். பின்னர் அவர்களிடம் எஞ்சியது நூற்றுக்கு நான்கு பங்கு என்ற அளவே. அதே ஆண்டு நவம்பரிலே, இயக்குநர் சுபோத் குமாரும் சுயேச்சை இயக்குநர் நிஹாரிகா வோராவும் பதவி விலகினர். உடல்நலக் குறைவு, சொந்த வேலை என்று வழக்கமாக எழுதுவதை அவர்கள் எழுதவில்லை. பாங்கி எடுத்துக்கொண்ட வைப்புத் தொகையைப் பற்றியும், படங்களுக்காகக் கொடுக்கப்பட்ட முன்பணத்தைப் பற்றியும் தாங்கள் எழுப்பிய கேள்விகளைக் குறிப்பிட்டு எழுதினர்.

அவர்கள் செய்தது பாராட்டுக்குரியது, ஐயமில்லை. ஆயினும் அதனுள்ளே அடங்கியிருக்கும் துயரத்தையும் பாருங்கள். கேள்வி கேட்டவர் வெளியே போக நேர்ந்தது. கேட்கப்பட்டவர் உள்ளே இருந்தார். எடையிலே ஐயம் என்று கூறிய எடையாளர் கூடத்தைவிட்டு வெளியேறினால், உழவனுக்கு எச்சரிக்கை கிடைக்கும். ஆனால் அவனுடைய மூட்டை அந்தத் தராசிலேயே இருக்கும்!

2021 செப்டம்பரிலே, ஏறத்தாழ 18 விழுக்காடு பங்கு வைத்திருந்த இன்வெஸ்கோ என்ற அயல்நாட்டு முதலீட்டு நிறுவனத்தார், நிர்வாக இயக்குநரும் சுபாஷ் சந்திராவின் மகனுமான புனீத் கோயங்காவை நீக்க வேண்டும், புதிதாக ஆறு சுயேச்சை இயக்குநர்களை அமர்த்த வேண்டும், அதற்காகப் பங்குதாரர் கூட்டத்தைக் கூட்டுங்கள் என்று எழுதினர். இயக்குநர் குழு மறுத்தது. வழக்கு மும்பை உயர்நீதிமன்றம் சென்றது. அக்டோபரிலே தனி நீதிபதி கூட்டத்துக்குத் தடை விதித்தார். 2022 மார்ச்சிலே இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கிற்று. அதற்குள்ளே சோனி கம்பெனியோடு இணையும் ஏற்பாடு வந்துவிட்டது. இன்வெஸ்கோ தன் கோரிக்கையை விட்டது. அந்த இணைப்பும் 2024 ஜனவரியிலே முறிந்தது.

இடையிலே 2023 ஜூனில், தந்தையும் மகனும் இயக்குநர் பதவி வகிக்கலாகாது என்று செபி இடைக்கால ஆணையிட்டது. அந்த ஆண்டு அக்டோபரிலே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையை நீக்கியது. விசாரணை தொடரலாம் என்றது. ஆகவே குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது என்று நான் கூறவில்லை. நீங்களும் அப்படிக் கொள்ளலாகாது. நான் கேட்பது வேறு. 200 கோடி ரூபாயைப் பற்றிய கடிதம் ஒன்று உண்டா இல்லையா, அது குழுவுக்கு வந்ததா இல்லையா என்பது ஐந்தாறு ஆண்டு வழக்காக ஏன் வளர வேண்டும்? குழு விழித்திருந்தால் ஒரே நாள் பிற்பகலிலே தீர்ந்திருக்க வேண்டிய கேள்வியன்றோ!

கடைசியிலே பேசியவர்கள் பங்குதாரர்கள். 2024 நவம்பரிலே புனீத் கோயங்காவை மீண்டும் இயக்குநராக அமர்த்தும் தீர்மானத்துக்கு எதிராகப் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. 2025 ஜூலையிலே, குடும்பத்தாரின் பங்கை 18 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த வழிசெய்யும் தீர்மானம் வந்தது. இயக்குநர் குழு அதற்கு ஒப்புதல் தந்திருந்தது. நூற்றுக்கு 75 வாக்கு வேண்டியிருந்த அந்தத் தீர்மானத்துக்குக் கிடைத்தது 60க்கும் சற்றுக் குறைவு. குழு 'ஆகட்டும்' என்றதைப் பங்குதாரர் 'ஆகாது' என்றனர். குழுவிலே சுயேச்சைகள் இருந்தனர். இருந்தும், குழுவின் மனம் ஓரிடத்திலும் பங்குதாரரின் மனம் வேறிடத்திலும் இருந்தது.

நூற்றுக்கு நான்கும் நூற்றுக்கு எழுபத்தைந்தும்

"நான்கு பங்கு வைத்துக்கொண்டு நாட்டாமை செய்தால் தகராறுதான் வரும். முதலாளியிடம் நிறையப் பங்கு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை" என்பாரும் உண்டு. நம் தமிழகத்துக் கேளிக்கைக் கம்பெனியைப் பார்ப்போம். சன் டிவி நெட்வொர்க் 2006இலே பங்குச் சந்தைக்கு வந்தது. நிறுவனரிடம் இருப்பது நூற்றுக்கு 75 பங்கு. சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு அது. கலாநிதி மாறனும் காவேரி கலாநிதியும் 2020-21ஆம் நிதியாண்டிலே பெற்ற ஊதியம் தலா 87.5 கோடி ரூபாய். சட்ட விரோதம் என்று நான் கூறவில்லை. கம்பெனி இலாபத்திலே நடக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் ஊதியத்தைப் பரிந்துரைக்கும் குழுவிலே சுயேச்சைகள் அமர்கிறார்கள். அந்தச் சுயேச்சைகளை அமர்த்தும் தீர்மானத்திலோ, 75 பங்கு வைத்திருப்பவரின் வாக்கே முடிவு செய்கிறது. மற்ற 25 பங்கினரும் ஒருமுகமாகக் கை தூக்கினாலும், கை வலிப்பதுதான் மிச்சம்!

நான்கு பங்கு வைத்திருக்கும் குடும்பம் பழக்கத்தால் ஆள்கிறது, எழுபத்தைந்து வைத்திருக்கும் குடும்பம் வாக்கால் ஆள்கிறது. இரண்டு இடத்திலும் சுயேச்சையைத் தேடி அழைத்து வரும் கை ஒன்றேதான். பங்கின் அளவு மாறினாலும் நோய் மாறவில்லை.

அயல்நாட்டிலே மட்டும் வாழ்ந்ததா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவின் டிஸ்னி கம்பெனியை அறியாத குழந்தை இல்லை. அதன் தலைவராக விளங்கிய மைக்கேல் ஐஸ்னரின் காலத்திலே, அவருடைய சொந்த வழக்கறிஞரும், அவர் பிள்ளைகள் படித்த பள்ளியின் தலைவியும் இயக்குநர்களாக அமர்ந்திருந்தனர். தம் நண்பர் மைக்கேல் ஓவிட்ஸை 1995இலே உயர் பதவிக்குக் கொண்டுவந்தார் ஐஸ்னர். பதினான்கு மாதத்திலே அனுப்பியும் விட்டார். போகும்போது அவர் பெற்றது 13 கோடி டாலர் அளவு. பங்குதாரர் வழக்குத் தொடுத்தனர். 2005இலே டெலவேர் நீதிமன்றம், இயக்குநர்கள் சட்டப்படி குற்றவாளிகள் அல்லர் என்றது. ஆனால் சிறந்த நிர்வாகத்துக்குரிய நெறியிலிருந்து நெடுந்தூரம் தாழ்ந்து நடந்தனர் என்றும் கூறிற்று. 2004இலே, 43 விழுக்காடு வாக்குகள் தமக்கு ஆதரவின்றி நிற்கக் கண்ட பின்னரே, ஐஸ்னர் குழுத் தலைவர் பதவியை இழந்தார். அங்கும் கதவைத் தட்டியவர் பங்குதாரர். உள்ளே இருந்த நண்பர்கள் தாமாகத் திறக்கவில்லை.

நல்லவர் வந்தால் போதாதா?

"படித்தவர், பண்பாளர், பெயர் பெற்றவர் வந்து அமர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நம்புவோர் பலர். அவர்களுக்கு ஐதராபாத்திலிருந்து பதில் கிடைக்கிறது. சத்யம் கம்பெனியின் குழுவிலே ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் இருந்தார், முன்னாள் மத்திய அமைச்சரவைச் செயலாளர் இருந்தார், மேலாண்மைக் கல்லூரியின் தலைவர் இருந்தார். 2008 டிசம்பர் 16ஆம் நாள், முதலாளி குடும்பத்தின் இரு கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்க அந்தக் குழு ஒப்புதல் தந்தது. முதலீட்டாளர் கொதித்தெழ, சில மணி நேரத்திலே முடிவு கைவிடப்பட்டது. மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7ஆம் நாள், கணக்கே பொய்க் கணக்கு என்று முதலாளியே எழுதிக் கொடுத்தார். அறிவுக்கா பஞ்சம் அந்த அறையிலே? 'வேண்டாம்' என்று சொல்வதற்கு அவர்களுக்குப் பின்னே ஒரு படை இல்லை. அவர்களை அனுப்பியவர் என்று கூற, முதலாளியைத் தவிர எவரும் இல்லை.

பொதுத்துறை என்றால் தப்பியது என்றும் எண்ண வேண்டாம். 1957இலே, பிறந்து ஓராண்டே ஆன எல்.ஐ.சி., முந்த்ரா என்பவரின் கம்பெனிகளிலே ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாயைக் கொட்டிற்று. முதலீட்டுக்கென்றே ஒரு குழு இருந்தது. அந்தக் குழுவைக் கேட்கவில்லை. நாடாளுமன்றத்திலே பெரோஸ் காந்தி எழுந்து கேட்டார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியிலே நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். குழு இருப்பது ஒன்று, குழுவைக் கேட்பது ஒன்று, குழு தானே கேட்பது மற்றொன்று. மூன்றும் சேர்ந்தால்தான் காவல். அன்று அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தவர், மக்கள் வாக்கால் வந்தவர் என்பதையும் மறவாதீர்.

திண்டிவனத்துக்கு வடக்கே உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து, ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்வெட்டு அங்கே உண்டு. வாரியத்திலே இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய உறவினரும் வாரியத்துக்கு வரலாகாது என்கிறது அது. அந்தச் சபை எல்லா மக்களுக்கும் உரியதன்று. நிலமும் வேதக் கல்வியும் உடையோரின் சபை. அதைப் பொற்காலம் என்று புகழ நான் வரவில்லை. ஆனால் கணக்குப் பார்க்க வருபவர் கணக்குக்கு உரியவரின் உறவாக இருக்கலாகாது, அவரைப் பொறுக்கும் கையும் அவருடையதாக இருக்கலாகாது என்பது அன்றே தெரிந்திருந்தது. நமது இன்றைய சட்டம் முதற்பாதியை எடுத்துக்கொண்டது, பின்பாதியை விட்டுவிட்டது.

என்ன செய்ய வேண்டும்?

"முதல் போட்டவன் முதலாளி, அவனுக்கு உரிமை இல்லையா?" என்று கேட்பர். உண்டு, யார் மறுத்தார்? கம்பெனியை நடத்தும் உரிமை, ஆளைத் தெரிந்தெடுக்கும் உரிமை, இலாபத்திலே பங்கு பெறும் உரிமை எல்லாம் உண்டு. ஆனால் ஊரார் பணத்தையும் சேர்த்து வாங்கிய பிறகு, தன்னைத் தணிக்கை செய்பவரையும் தானே பொறுக்கும் உரிமை மட்டும் இல்லை. வியாபாரிக்கு வாங்கும் உரிமை உண்டு. எடைக்கல்லைப் பிடிக்கும் உரிமை இல்லை. அவ்வளவுதான் நாம் கூறுவது.

மூன்று கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: சுயேச்சை இயக்குநரை அமர்த்தும் வாக்கெடுப்பிலே, முதலாளியின் வாக்கை ஒதுக்கி வைத்து, மற்றப் பங்குதாரரின் பெரும்பான்மையும் தனியே பெறப்பட வேண்டும். நான் கற்பனை செய்து கூறுவதன்று இது. 2021 மார்ச்சிலே செபியே இந்த யோசனையை வெளியிட்டது. ஆனால் விதி வந்தபோது, 2022 ஜனவரி முதல் நாளிலிருந்து நூற்றுக்கு 75 வாக்கு வேண்டும் என்று மாற்றி முடித்தது. அவ்வளவு வாக்கு கிடைக்காவிட்டால் மட்டும், மற்றப் பங்குதாரரின் பெரும்பான்மையைப் பார்க்கலாம் என்று பின்னர் சேர்த்தது. 75 பங்கைத் தன் பையிலேயே வைத்திருக்கும் முதலாளிக்கு அது எந்தத் தடை? பழைய யோசனையே திரும்ப வேண்டும்.

இரண்டு: சிறு பங்குதாரர் தமக்கென ஓர் இயக்குநரைத் தேர்ந்தெடுக்க, கம்பெனிச் சட்டத்தின் 151ஆம் பிரிவு வழி செய்கிறது. முகமதிப்பிலே 20,000 ரூபாய்க்கு மேற்படாத பங்கு வைத்திருப்போர் சிறு பங்குதாரர். ஆயிரம் பேரோ, அவர்களிலே பத்திலொரு பங்கினரோ, எது குறைவோ அத்தனை பேர் கையொப்பமிட்டால் கேட்கலாம். ஆனால் சட்டத்தின் சொல் 'வைத்துக்கொள்ளலாம்' என்று இருக்கிறது. அதை 'வைத்துக்கொள்ள வேண்டும்' என்று மாற்றுக.

மூன்று: எல்.ஐ.சி.யும், வைப்பு நிதி நிறுவனமும், ஓய்வூதிய நிதியும் யார் பணத்தை வைத்துப் பங்குதாரராக இருக்கின்றனவோ, அவர்களுக்குப் புரியும் மொழியிலே, எந்தக் கம்பெனியில் யாரை அமர்த்த, எந்தப் பக்கம், என்ன காரணத்துக்காக வாக்களித்தன, அல்லது வாக்களிக்கும் உரிமையை யாரிடம் விட்டுவைத்தன என்பதை ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும். விழுப்புரத்து ஊழியருக்குத் தமிழிலே தெரிவிக்க வேண்டும்.

சட்டம் மாறும் வரையிலே கைகட்டி இருக்க வேண்டியதில்லை. பத்துப் பங்கு வைத்திருக்கும் இளைஞர்கள் இன்று நமது ஊர்களிலே நிறைய இருக்கின்றனர். கைப்பேசியிலே பங்கு வாங்கத் தெரிந்தவர்கள், அதே கைப்பேசியிலே வாக்களிக்கலாம் என்பதை அறியாதிருக்கிறார்கள். அழைப்பு மின்னஞ்சலாக வருகிறது, திறக்காமலே அழிக்கப்படுகிறது. அதைத் திறந்து பாருங்கள். யார் அமர்த்தப்படுகிறார், அவர் முன்னே எங்கெங்கே இருந்தார், எத்தனை கூட்டத்துக்கு வந்தார் என்று படியுங்கள். பதவி விலகும் சுயேச்சை, காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதும், ஏழு நாளுக்குள் கம்பெனி அதை வெளியிட வேண்டும் என்பதும் விதி. அந்தக் கடிதங்களைப் பத்திரிகையின் மூலையிலே தேடிப் படியுங்கள். தொழிற்சங்கத் தோழர்கள் அவற்றைச் சங்கக் கூட்டத்திலே வாசித்துக் காட்டுங்கள்.

வாசகத் தோழர்களே! சுயேச்சை இயக்குநர் கெட்டவர் என்றோ, பதவியே வீண் என்றோ நான் கூறவில்லை. துணிந்து கேட்டவர்களும் உண்டு, விலகிக் காட்டியவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர் கேட்டுவிட்டு வெளியே போகாமல், உள்ளே இருந்தே கேட்க வேண்டும். அதற்கு, அவரை அனுப்பியவர்கள் நாம் என்று இருக்க வேண்டும். மூட்டை நம்முடையது, எடைக்கல் யார் கையிலே என்று கேட்கும் உரிமையும் நம்முடையதே. கேட்போம், கிடைக்கும் வரை கேட்போம்!